வேம்பும் புங்கனும் கருகுற மண்ணுல உமரி எப்படி செழிக்குது?

எர்ணாவூர்க்காரன் | ஞாயிறு காலை 8:10

வீட்டுக்குப் பின்னாடி நீளமா ஒரு துண்டு நிலம் கிடக்கு. அதைத் தாண்டினா பக்கிங்காம் கால்வாய். ஐப்பசி, கார்த்திகையில தண்ணி தேங்கும். சித்திரை வந்தா மேல வெள்ளை வெள்ளையா உப்பு பூத்துடும். வேம்பு, புங்கன், செம்பருத்தி எல்லாம் வச்சுப் பார்த்தாச்சு. மழைக்காலத்துல ஜோரா துளிர் விடுது. மாசி தாண்டினா இலை ஓரம் பழுப்பாகி, நுனியில இருந்து கருகிக்கிட்டே வருது. போர் தண்ணி டிடிஎஸ் (கரைஞ்ச உப்போட அளவு, லிட்டருக்கு மில்லிகிராம்ல) 2800.

ஆபீஸ்ல ஒருத்தர், "பாலைவனச் செடியா வைங்க, அதுங்களுக்கு சாவே கிடையாது"ன்னாரு. கள்ளி வாங்கி வச்சேன். அடைமழையில பாதி அழுகிச்சு, மிச்சம் வெயில்ல சுருங்கிச்சு. ஆனா அத்திப்பட்டு பக்கம் ரயில்ல போறப்ப பார்க்கிறேன், உப்பள வரப்புல ஒரு புதர் யாரும் தண்ணி ஊத்தாமலே இடுப்பு உயரம் நிக்குது. வறட்சியைத் தாங்குற செடி உப்பைத் தாங்காதா? ரெண்டும் ஒண்ணுதானே?

காசிமேடு எக்ஸ்பிரஸ் | 8:22

தல, 2800 டிடிஎஸ்ல நீ இன்னும் கருகாம கீறியே, மொதல்ல அதுக்கு இன்னா காரணம்னு சொல்லு.

வேர்முடிச்சு | 9:05

கேள்வி நல்ல கேள்வி. வறட்சியும் உப்பும் பாதி தூரம் ஒரே பாதையில போகும், அப்புறம் பிரிஞ்சிடும்.

ஒத்துப்போற பாதி இது. வேர் தண்ணியை இழுக்கணும்னா, வேருக்குள்ள இருக்கிற சாறு மண்ணுல இருக்கிற தண்ணியைவிட அடர்த்தியா இருக்கணும். வெளியில உப்பு கூடினா தண்ணி உள்ள வர மறுக்கும். இன்னும் கூடினா உள்ள இருக்கிறதும் வெளியே போகும். நறுக்கின மாங்காயில உப்பைத் தூவி மூடி வச்சா விடியறதுக்குள்ள தண்ணி விட்டுச் சுருங்குதுல்ல, அதேதான். கடல் தண்ணியில லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. அதுல இருந்து தண்ணி எடுக்க ஒரு செடிக்கு வளிமண்டல அழுத்தத்தைப் போல 25 மடங்கு இழுவிசை வேணும். சென்னைக்கு வருஷம் 1,400 மில்லிமீட்டர் மழை, ராஜஸ்தான் பாலைவனத்து ஜெய்சல்மேருக்கு 200ஐ ஒட்டித்தான். ஆனா உங்க பின்பக்கத் துண்டுல சித்திரை மாசம் நிக்கிற செடியைப் பொறுத்தவரை அதுவும் ஜெய்சல்மேர்தான். காலடியில ஈரம் இருக்கு, குடிக்க வழியில்லை.

பிரியற இடம் விஷம். தண்ணியோட சோடியமும் குளோரைடும் உள்ள வருது. இலையில தண்ணி மட்டும் ஆவியாகுது, உப்பு தங்கிடுது. தண்ணிப் பயணம் முடியற இடம் இலை ஓரமும் நுனியும். அதனாலதான் கருகல் அங்க ஆரம்பிக்குது. உயிரணுவுக்குள்ள (செல்) பொட்டாசியம் செய்ய வேண்டிய வேலையை சோடியம் வந்து கெடுக்குது. கள்ளி வறட்சிக்கு ஏத்த ஆளு: தண்டுல சேமிக்கும், பகல்ல இலைத்துளையை மூடி ராத்திரியில திறக்கும். ஆனா உள்ள வந்த உப்பை என்ன பண்றதுன்னு பெரும்பாலான கள்ளிக்குத் தெரியாது. தண்ணி தேங்கினா வேர் அழுகும். உங்க நிலத்துல அதுக்கு ரெண்டு பக்கமும் அடி.

உப்பளத்துப் பேரன் | 9:40

நீங்க ரயில்ல பார்த்தது உமரி. எங்க தாத்தா, பெரியப்பா எல்லாம் வல்லூர்ப் பக்கம் உப்பு வாரினவங்க. பாத்தித் தண்ணியோட அடர்த்தியை போமி டிகிரின்னு அளப்பாங்க, அது 25 வந்தாத்தான் உப்பு இறங்கும். அந்தத் தண்ணியில பாசிகூட ஒழுங்கா வாழாது. ஆனா வரப்புல உமரி நிக்கும்.

சும்மா கண்ட இடத்துல நிக்காது, அதுக்கு ஒரு வரிசை இருக்கு. தண்ணி ஏறி இறங்குற சேத்து விளிம்புல இலையே இல்லாத மாதிரி, கணு கணுவா பச்சைக் குச்சியா ஒண்ணு முளைக்கும். அதுக்கு மேல கொஞ்சம் காய்ஞ்ச இடத்துல சின்ன உமரி. வரப்பு முதுகுல புதர் உமரி, சில இடத்துல ஆள் உயரத்தையே தாண்டும். உப்பும் ஈரமும் மாற மாற ஆளும் மாறுது.

சின்ன உமரியில ஒரு இலையைக் கிள்ளிப் பாருங்க. அரிசி நீளம்தான் இருக்கும், ஆனா உருண்டை. நகம் பட்டதும் பிசுக்குன்னு தண்ணி தெறிக்கும். நாக்குல வச்சா கரிக்கும். பங்குனிக்கு மேல அடியில இருக்கிற இலை எல்லாம் ரத்தச் சிவப்பா மாறி, தொட்டாலே உதிரும். மேல துளிர் பச்சையாவே இருக்கும். வீட்டுல ஆயா அந்தத் துளிரைத்தான் ஆயும். ரெண்டு தடவை வேக வச்சுத் தண்ணியை வடிச்சுட்டு, பருப்பு போட்டுக் கடையும். உப்பு டப்பாவைத் திறக்கவே மாட்டாங்க.

மாடித்தோட்டம் ராயபுரம் | 9:58

வாயூறுது தம்பி. ஆனா எங்க பறிக்கிறீங்கன்னு பார்த்துப் பறிங்க. சாம்பல் குட்டைப் பக்கமும் ஆலைத் தண்ணி வர்ற ஓடைப் பக்கமும் முளைக்கிறதை யாரும் வாயில வைக்காதீங்க. உப்பை இழுக்கிற செடி உப்பை மட்டும் பார்த்து இழுக்காது, ஈயம், காட்மியத்தையும் சேர்த்து இழுக்கும்.

வேர்முடிச்சு | 10:31

அக்கா சொன்னது முக்கியம். உப்பளத்துத் தம்பி சொன்ன அந்தச் சிவப்பு இலையில பாதி பாடம் இருக்கு.

உமரி உப்பை வாசல்லயே தடுக்கிற ஜாதி இல்லை. உள்ள விடுது, விட்டு, அணுவுக்குள்ள வாக்குவோல்னு ஒரு பெரிய பை இருக்கே, அதுக்குள்ள தள்ளிப் பூட்டுது. பையோட சவ்வுல இருக்கிற பம்பு ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே விட்டு ஒரு சோடியத்தை உள்ள தள்ளும். பைக்குள்ள உப்பு ஏறினா, பைக்கு வெளியே அணுவுக்குள்ள இருக்கிற கூழ், அதாவது சைட்டோபிளாசம், சுருங்கிப் போகாம இருக்கணும். அதுக்காக கிளைசின் பீட்டைன், புரோலின் மாதிரி நொதிகளுக்குக் கெடுதல் செய்யாத பொருட்களை அங்க நிரப்பி ரெண்டு பக்கமும் அடர்த்தியைச் சமன் பண்ணுது. இப்படிச் சேர்த்த உப்பே அதுக்கு உபயோகமாகுது, ஏன்னா உள்ள அடர்த்தி கூடினதால உப்பு மண்ணுல இருந்தும் தண்ணி இழுக்க முடியுது. இலை தடிச்சு உருண்டையா இருக்கிறது உப்பைக் கொஞ்சம் நீர்க்க வைக்கத்தான். பை நிரம்பின பழைய இலை சிவந்து உதிரும்போது மூட்டையோட உப்பும் கீழ போயிடும். சிவப்புக்குக் காரணம் பீட்டாசயனின். பீட்ரூட்டுல இருக்கிற அதே நிறமிதான். ரெண்டும் ஒரே குடும்பம்.

புதர் உமரியில இன்னொரு வசதியும் உண்டு. அது சி4ங்கிற ஒளிச்சேர்க்கை வகை. சோளம், கரும்பு மாதிரி. இலைத்துளையைக் கம்மியா திறந்தே தேவையான கரியமில வாயுவைப் பிடிச்சிடும். தண்ணிச் செலவு குறைஞ்சா தண்ணியோட வர்ற உப்பும் குறையும். வழக்கமா சி4 செடிகள் இந்த வேலையை ரெண்டு வகை அணுக்கள்ல பிரிச்சுச் செய்யும். மத்திய ஆசியாவின் உப்புப் பாலைவனத்துல இருக்கிற ஒரு உமரிச் சொந்தம் ஒரே அணுவுக்குள்ள மொத்தத்தையும் முடிக்குது. இதை 2001ல வெளியிட்டாங்க. அதுவரைக்கும் பாடப்புத்தகம் ரெண்டு அணு இல்லாம ஆகாதுன்னுதான் சொல்லிட்டு இருந்துச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச செடி, நேர்ல பார்க்கக் கொடுத்து வைக்கலை.

துபாய்த் தம்பி (திருவொற்றியூர்) | 11:15

சார், நான் இருக்கிற ஊர்ல சாலையோரம் தமாரிஸ்க்னு ஒரு மரம், பார்க்க நம்ம சவுக்கு மாதிரி இருக்கும். காலையில அதுக்குக் கீழ போனா சட்டையில சொட்டு விழும். மழை பெய்யாத ஊர்ல மரத்துல இருந்து எப்படிச் சொட்டுதுன்னு யோசிச்சிருக்கேன். மதியம் அதே கிளையைப் பார்த்தா வெள்ளையா மாவு தூவின மாதிரி இருக்கும்.

வேர்முடிச்சு | 11:50

தம்பி, இது ரெண்டாவது ஜாதி: உப்பை வெளியே கொட்டுறவங்க. தமாரிஸ்க் இலையில உப்புச் சுரப்பிகள் இருக்கு. பகல்ல உப்புக் கரைசலை வெளியே தள்ளும், வெயில்ல அது படிகமாகும். ராத்திரி காத்துல ஈரம் ஏறினா அந்தப் படிகம் ஈரத்தை உறிஞ்சிக் கரையும். எமிரேட்ஸ்ல இதை ஆராய்ஞ்சவங்க, அந்த ஈரத்துல ஒரு பங்கை இலையே உள்ள எடுத்துக்குதுன்னு காட்டியிருக்காங்க. வேண்டாம்னு தள்ளின உப்பை வச்சே காத்துல இருந்து தண்ணி பிடிக்குது!

எண்ணூர் முகத்துவாரத்துல நிக்கிற வெண்கண்டல்ங்கிற அலையாத்தி மரத்துக்கும் இலையில இதே சுரப்பி உண்டு. வேர்லயே பெரும்பகுதி உப்பை வடிகட்டிட்டு, மிச்சத்தை இலை வழியா தள்ளும். ஆஸ்திரேலியா, அமெரிக்காவுல இருக்கிற ஆட்ரிப்ளெக்ஸ்ங்கிற புதருக்கு வேற வழி. இலை மேல குட்டி பலூன் மாதிரி முடி அணுக்களை வளர்த்து, அதுல உப்பை நிரப்பும். பலூன் உடைஞ்சு காய்ஞ்சு இலை முழுக்க வெள்ளி பூசின மாதிரி ஆகும், வெயில் பட்டா திருப்பி அனுப்பும். அங்க வறண்ட நிலத்துல ஆட்டுக்கு அதைத்தான் தீவனமா வளர்க்கிறாங்க. தின்ன ஆடு தண்ணிக்கு அலையும், அது வேற பிரச்சினை.

பசுமைப்படை | பகல் 12:20

எல்லாம் சரி. நம்ம ஊர்ல உப்பு மண், சாம்பல் மேடு, குப்பை மேடு எல்லாத்துலயும் சீமைக்கருவேலம்தான் நிக்குது. அது எப்படி? அதை வேரோட பிடுங்கணும்னுதான் நான் சொல்வேன், ஆனா அது சாகவே மாட்டேங்குதே.

வேர்முடிச்சு | 12:48

அது மூணாவது ஜாதி: உப்பை வேர்லயே நிறுத்துறது, அதோட ஆழத்துக்குப் போய் நல்ல தண்ணி தேடுறது. அரிசோனாவுல சுரங்கம் தோண்டினப்ப இதோட சொந்தக்கார மரத்து வேரை 50 மீட்டருக்கும் கீழ பார்த்திருக்காங்க. சிலி நாட்டு அட்டகாமாவுல தமருகோன்னு இன்னொரு சொந்தம், மேல உப்பு ஓடு கட்டின தரையைக் கிழிச்சுக்கிட்டு மரமா நிக்குது. மழைன்னு ஒண்ணு அங்க பேருக்குத்தான். ஆண்டிஸ் மலையில இருந்து கீழ்வழியா வர்ற நிலத்தடி நீரை நம்பித்தான் வாழுது. தம்பி இருக்கிற எமிரேட்ஸோட தேசிய மரம் காஃப், நம்ம வன்னி. அதுவும் இந்த உறவுதான்.

பிடுங்குறதைப் பத்தி என் கருத்து: பிடுங்குங்க, ஆனா பிடுங்கின அன்னைக்கே அந்த இடத்துல வேற எதையாவது நிறுத்துங்க. உப்பு மண்ணை வெறுமையா விட்டா வெயில் நேரா தரையில விழும். கீழ இருக்கிற உப்புத் தண்ணி மண்ணோட நுண்துளை வழியா மேல ஏறி ஆவியாகும், உப்பு மட்டும் தங்கும். எர்ணாவூர்த் தம்பி பார்க்கிற சித்திரை வெள்ளை அதுதான்.

மீஞ்சூர் விவசாயி | 1:30

எங்களுக்கு இது அப்பா காலத்துக் கதை. நகரத்துக்கும் ஆலைகளுக்கும் இங்க ஆழ்குழாய் போட்டு உறிஞ்சினாங்க, நிலத்தடியில கடல் பல கிலோமீட்டர் உள்ள வந்துச்சு. இனிச்ச கிணறு கரிச்சுது. நெல்லு போட்ட நிலத்துல இப்ப என்ன போடறதுன்னு தெரியலை.

தம்பிக்கு ஒண்ணு சொல்றேன். ஜிப்சம் போடு. எங்க ஊர்ல எல்லாரும் அதைத்தான் போடுறாங்க. அதோட உமரியை நட்டா ரெண்டு வருஷத்துல அது மண்ணு உப்பை எல்லாம் உறிஞ்சி எடுத்துடும்னு கூட்டத்துல ஒருத்தர் சொன்னார்.

வேர்முடிச்சு | 2:15

அண்ணே, ஜிப்சம் எல்லா உப்பு மண்ணுக்கும் மருந்து இல்லை. மண்ணை அள்ளிக்கிட்டு மண் பரிசோதனை நிலையத்துக்குப் போனா ரெண்டு எண் தருவாங்க, பிஎச்சும் (அமில, காரத் தன்மை) ஈசியும் (மின்சாரம் கடத்துற அளவு, உப்பு கூடினா இதுவும் கூடும்). ஈசி 4க்கு மேல, பிஎச் 8.5க்குள்ளன்னா அது உவர் மண். கரைஞ்ச உப்பு கூடுதல், அவ்வளவுதான். நல்ல தண்ணியை விட்டுக் கீழே வடிய வைக்கிறதைத் தவிர அதுக்கு வேற வைத்தியம் கிடையாது. பிஎச் 8.5ஐத் தாண்டி, களிமண் இறுகி, தண்ணி கீழ இறங்காம குழம்பா நிக்குதுன்னா அது களர். அங்க களிமண்ணுல ஒட்டியிருக்கிற சோடியத்தை விரட்ட ஜிப்சத்துல இருக்கிற கால்சியம் உதவும். அப்பவும் விரட்டின சோடியம் போக வடிகால் வேணும். எர்ணாவூர் மணலுக்கு ஜிப்சம் பண விரயம்னுதான் தோணுது. உங்க வயல் களிமண்ணுக்குத் தேவைப்படலாம், சோதிச்சுட்டுப் போடுங்க.

உமரி உறிஞ்சி எடுத்துடும்ங்கிறதுக்குக் கணக்கைப் போட்டுப் பார்த்துடலாம். ஒரு ஹெக்டேர்ல காய்ஞ்ச எடையில 10 டன் உமரி அறுக்கிறோம்னு வைங்க, அதுல மூணுல ஒரு பங்கு உப்பு. மூணு டன்னுக்குக் கொஞ்சம் மேல. அதே ஹெக்டேருக்கு வருஷத்துக்கு ஒரு மீட்டர் உயரம் 2800 டிடிஎஸ் தண்ணி பாய்ச்சினா வர்ற உப்பு 28 டன். அதுவும் உமரியை அறுத்து வெளியே கொண்டுபோனாத்தான் அந்த மூணு டன்னே போகும். விட்டா இலை உதிர்ந்து அதே மண்ணுக்கு வந்துடும். கீழ கடல் தண்ணி நிக்கிற இடத்துல இது நடக்காத காரியம். வடிகால் இருந்து, புது உப்பு வராத இடத்துல துணைக்கு வச்சுக்கலாம்.

மீஞ்சூர் விவசாயி | 2:40

28 டன்னா? எங்க கிணறு அதைவிட மோசம் சார். சரி, பயிருக்கே உமரி குணத்தைக் கொடுக்க முடியாதா?

வேர்முடிச்சு | 3:02

முயற்சி நடந்திருக்கு. நம்ம தரமணி எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துல வெண்கண்டல் மரபணுவை நெல்லுல ஏத்திப் பார்த்தாங்க. கஷ்டம் என்னன்னா உப்பைத் தாங்குறது ஒரு மரபணு வேலை இல்லை. பம்பு, பை, சுரப்பி, வேர்த்தடுப்புன்னு ஒரு பட்டாளமே சேர்ந்து செய்றது. செலவும் ஜாஸ்தி. பம்பு ஓட்ட சக்தி போகுது, அந்த அளவுக்கு வளர்ச்சி குறையும். உமரியே ஓரளவு உப்புலதான் நல்லா வளரும், பாத்தித் தண்ணி அளவுக்குப் போனா குட்டையாயிடும்.

இன்னொண்ணு. வளர்ந்த உமரி கடல் தண்ணியைத் தாங்கும், ஆனா விதை முளைக்கிறப்ப பெரும்பாலும் நல்ல தண்ணியை எதிர்பார்க்கும். ஆட்ரிப்ளெக்ஸ் காயோட மேல்தோல்லயே உப்பு இருக்கும். அதைக் கழுவுற அளவுக்கு மழை பெய்யற வரைக்கும் விதை தூங்கும். ஒரு தூறலுக்கு ஏமாந்து முளைக்காது. சில உமரி வகைகள் ஒரே செடியில ரெண்டு விதமான விதை வைக்கும். ஒண்ணு பழுப்பு, மெல்லிய தோல், சட்டுன்னு முளைக்கும். இன்னொண்ணு கறுப்பு, கெட்டித் தோல், அடுத்த நல்ல மழைக்குக் காத்திருக்கும்.

மாடித்தோட்டம் ராயபுரம் | 4:10

சார், என் சந்தேகத்தையும் தீர்த்துடுங்க. ஆர்ஓ மிஷின்ல கழியற தண்ணியை வீணாக்காம செடிக்கு ஊத்தச் சொல்றாங்களே. நான் ஊத்தின அவரை, வெங்காயம் எல்லாம் போச்சு. பீட்ரூட் மட்டும் ஜம்முன்னு நிக்குது. தொட்டி வெளிப்பக்கமும் வெள்ளையா படியுது.

வேர்முடிச்சு | 4:35

அக்கா, மெட்ரோ தண்ணின்னா அந்தக் கழிவைத் தாராளமா ஊத்தலாம். போர் தண்ணி ஏற்கெனவே 1500, 2000ன்னா கழியறது அதைவிடக் கெட்டி, தரை துடைக்க வச்சுக்கோங்க. பீன்ஸ், அவரை, வெங்காயம், கேரட் எல்லாம் ஈசி 1ஐத் தாண்டினாலே சுணங்கும். பீட்ரூட் 4 வரைக்கும் அசையாது, பருத்தி 7ஐத் தாண்டியும் தாங்கும். தொட்டிக்கு ஊத்துறப்ப கொஞ்சம் கொஞ்சமா தெளிக்காதீங்க. அடித்துளை வழியா கொஞ்சம் வடியற அளவுக்கு ஊத்துங்க. வடியற தண்ணிதான் உப்பைக் கூட்டிக்கிட்டுப் போகும். மழை நாள்ல தொட்டியை ஷெட்டுக்குள்ள வைக்காம வெளியே தள்ளி விடுங்க, ஓசியில கழுவிக் கொடுக்கும்.

எர்ணாவூர்க்காரன் | 6:20

எல்லாருக்கும் நன்றி. சார், கடைசியா ஒண்ணு. எனக்கு வேண்டியது நிழல், கொஞ்சம் பச்சை. அந்தத் துண்டுல எதை வைக்கலாம்? தமாரிஸ்க் கன்னு ஆன்லைன்ல கிடைக்குது.

வேர்முடிச்சு | 6:55

தமாரிஸ்க் வேண்டாம். அமெரிக்காவோட தென்மேற்குல வெளியூர்த் தமாரிஸ்க்கைக் கொண்டுபோய் வச்சு, ஆத்தங்கரை எல்லாம் அதுவே பிடிச்சுக்கிட்டு இன்னைக்கும் அல்லாடுறாங்க. சீமைக்கருவேலத்தை வச்சு நாம பட்டதே போதும்.

மரத்துக்குப் பூவரசு. உப்பையும் தாங்கும், கொஞ்ச நாள் தண்ணி நின்னாலும் தாங்கும். மேடான இடத்துல புன்னை. அது மெதுவாத்தான் வளரும், அவசரப்படாதீங்க. வேலியோரம் உகா கிடைச்சா வைங்க, மிஸ்வாக் குச்சி எடுக்கிற செடி. பாலைவனத்துலயும் கடலோரத்துலயும் ரெண்டு இடத்துலயும் சமாளிக்கிற ஆளு. தரைக்கு வங்கராவச்சி, அந்தச் சிவப்புத் தண்டும் ஊதாப் பூவுமா படருமே, அது. யாராவது தில்லை மரம் வைக்கச் சொன்னா வேண்டாம்னுடுங்க, பால் கண்ணுல பட்டா ஆபத்து.

செடியைவிட நாள் முக்கியம். இப்ப நடாதீங்க. ரெண்டு மூணு பெருமழை பெய்து மேல் மண்ணு உப்பு கழுவின பிறகு நடுங்க, அடுத்த சித்திரைக்குள்ள வேர் ஆழத்துக்குப் போயிடும். மழை தொடங்குறதுக்கு முன்னாடியே முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டுங்க. மேட்டு உச்சியில நடாதீங்க, ஈரம் ஆவியாகி உப்பு உச்சிக்குத்தான் ஏறும்; சரிவுல நடுங்க. மேல தென்னம்மட்டை, சருகு எது கிடைச்சாலும் மூடிப் போடுங்க. போர் தண்ணி ஊத்தியே ஆகணும்னா தினமும் ஒரு செம்பு வேண்டாம். விட்டு விட்டு, ஊத்துற அன்னைக்கு நிறைய ஊத்துங்க.

உப்பளத்துப் பேரன் | 7:30

பூவரசங்கன்னுக்கு நர்சரி போகாதீங்க அண்ணே. போத்து வெட்டி நட்டாலே வரும். எங்க தெருவுல மழைக்கு முன்னாடி கரண்டு கம்பிக்குன்னு கிளை கழிப்பாங்க. கை மொத்தத்துல நல்லதா எடுத்து நிழல்ல போட்டு வைக்கிறேன், மழை பிடிச்சதும் கொண்டுவந்து தர்றேன். வங்கராவச்சியும் அப்படித்தான், கணுவோட ஒடிச்சு ஈர மண்ணுல புதைச்சா போதும்.

காசிமேடு எக்ஸ்பிரஸ் | 7:41

தல, போத்து வர்றப்ப உமரிக்கீரையும் ஒரு கட்டு கொண்டாரச் சொல்லு. கடைஞ்சு வச்சின்னா நான் வஞ்சிரம் எடுத்துனு வரேன்.

எர்ணாவூர்க்காரன் | 7:50

கீரை கைக்கு வந்தா சொல்லி அனுப்புறேன், வஞ்சிரத்தை மறந்துடாத. மண்ணை அள்ளி வச்சுட்டேன் சார், நாளைக்கு லீவு போட்டுட்டுக் கொடுக்கப் போறேன். எந்த ஆழத்துல இருந்து எடுக்கணும்?

வேர்முடிச்சு | 8:05

மேல வெள்ளையா இருக்கிறதை மட்டும் வழிச்சு எடுத்துடாதீங்க, எண் கன்னாபின்னான்னு காட்டும். ஒரு சாண் ஆழத்துக்கு "V" மாதிரி குழி வெட்டி, ஓரத்துல இருந்து மேலிருந்து கீழ வரைக்கும் ஒரே சீரா சீவி எடுங்க. நாலஞ்சு இடத்துல எடுத்துக் கலந்து, நிழல்ல உலர்த்தி, அரை கிலோ துணிப்பையில போட்டுக் கொடுங்க. அதுக்குக் கீழ ரெண்டடி ஆழத்துல இருந்து தனியா இன்னொரு பை. மரத்தோட வேர் அங்கதான் போகப்போகுது. ரிசல்ட் வந்ததும் ரெண்டு எண்ணையும் இங்க போடுங்க.